1886-இல் 100 கெஜம் 10 விநாடி: ஆர்தர் வார்ட்டன் ஓடியதை நம்பலாமா?

ஆகஸ்ட் 3, மாலை (வாசகர் கேள்வி)

ஆர்தர் வார்ட்டன் என்று ஒருவர் 1886-இல் லண்டனில் 100 கெஜத்தை 10 விநாடியில் ஓடினாராம். அன்றைக்கு இருந்தது சாவி கொடுக்கிற கடிகாரம். எவரோ கட்டைவிரலால் அழுத்திச் சொன்ன நேரத்தை உலக சாதனை என்று எப்படி ஏற்பது? கதை விடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 10.20

கையால் எடுத்த நேரம் எல்லாம் பொய் என்றால் 1970-கள் வரை ஓடியவர்களில் பெரும்பாலோரைக் கணக்கிலிருந்து அடிக்க வேண்டியிருக்கும். பள்ளி, மாவட்டப் போட்டிகளில் முடிவுக்கோட்டுப் படிக்கட்டில் ஸ்டாப்வாட்ச் பிடித்து உட்காருகிறவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கை நேரத்தில் பிழை உண்டு. ஆனால் அது எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு சாயும் என்பது தெரிந்த விஷயம்.

துப்பாக்கிப் புகையைக் கண் பார்த்து, விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும். நிறுத்தும்போது அப்படி இல்லை. ஓடி வருகிறவரின் நெஞ்சு நூலை நெருங்குவது முன்கூட்டியே தெரிவதால் விரல் தயாராக இருக்கும். அதனால் கை நேரம் ஓட்டக்காரருக்குச் சாதகமாகவே விழும். 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டி மின்னணு நேரமாக மாற்றிப் பார்ப்பது வழக்கம்.

வார்ட்டனின் 10-ஐ 10.24 என்று வையுங்கள். 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். மீதி எட்டரை மீட்டரை முழு வேகத்தில் கடக்க இன்னும் 0.9 விநாடி. மொத்தம் 11.1 பக்கம் வருகிறது. எங்கள் மாவட்டப் போட்டியில் அந்த நேரத்துக்கு மெடல் வாங்கின பையன்களைப் பார்த்திருக்கிறேன். மனிதனால் ஆகாத நேரம் இல்லை இது. அதை அவர் எந்தத் தரையில், எந்த நிலையிலிருந்து கிளம்பி ஓடினார் என்பதில்தான் ஆச்சரியம் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4, காலை

ஒன்றை விட்டுவிட்டேன். நேரம் எடுப்பவர் புகையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் கணக்கே மாறிவிடும். 91 மீட்டர் தூரத்தை ஒலி கடக்கக் கால் விநாடிக்கு மேல் ஆகும். அந்தக் கால் விநாடி ஓட்டக்காரருக்கு இனாம். எங்கள் பக்கத்தில் துப்பாக்கி கிடையாது, இரண்டு பலகையைச் சேர்த்து அடிக்கிற கிளாப்பர்தான். புதிதாக வாட்ச் பிடிக்க வரும் ஆசிரியர்களுக்கு முதலில் சொல்வதே “காதை மூடிக்கோங்க சார், பலகை ரெண்டும் சேர்றதை மட்டும் பாருங்க” என்பதுதான். சொன்னாலும் நாலு பேரில் ஒருவர் சத்தத்துக்குத்தான் அழுத்துவார். அவருடைய வாட்சில் மட்டும் பையன் பறந்திருப்பான்.

கேள்வி கேட்ட நண்பரின் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வார்ட்டன் அன்றைக்குத் தகுதிச் சுற்றில் ஒரு 10, இறுதிச் சுற்றில் இன்னொரு 10 என்று இரண்டு முறை ஓடியிருக்கிறார். ஒரு தடவை விரல் தவறலாம். ஒரே பிற்பகலில் இரண்டு தடவையும் அதே அளவுக்குத் தவறும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகஸ்ட் 4, இரவு

“ஆள் யார்?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பிறந்தது 1865 அக்டோபர் 28, அக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில். இன்றைய கானா, அன்றைக்கு கோல்டு கோஸ்ட். அப்பா ஹென்றி வார்ட்டன் மெத்தடிஸ்ட் போதகர், கிரெனடா தீவிலிருந்து வந்தவர், ஸ்காட்லாந்து ரத்தமும் கலந்தவர். அம்மா ஆனி ஃபுளோரன்ஸ் எக்ரிபா, ஃபான்டி அரச குடும்பத்துக்கு உறவு. பையனும் ஊழியக்காரராக வேண்டும் என்றுதான் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1884-இல் டார்லிங்டன் ஊரில் உள்ள கிளீவ்லாண்ட் கல்லூரிக்கு வந்தார். அங்கே புத்தகத்தைவிட மைதானம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓட்டம், கிரிக்கெட், சைக்கிள், டார்லிங்டன் அணிக்குக் கோல்கீப்பர். பிரெஸ்டனிலிருந்து பிளாக்பர்னுக்கு சைக்கிள் மிதித்து சாதனை நேரம் வைத்ததாகவும் பதிவு இருக்கிறது. போதகர் ஆகவே இல்லை.

1886 ஜூலை 3. இடம் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ். இந்தப் பெயரைக் கேட்டதும் செல்சி கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அன்றைக்குச் செல்சி கிளப்பே கிடையாது, அது 1905-இல் வந்தது. மைதானம் 1877-இல் ஓட்டப்பந்தயத்துக்காகத் திறந்தது, லண்டன் அத்லெடிக் கிளப்பின் இடம். அங்கே நடந்த ஏ.ஏ.ஏ. (இங்கிலாந்தின் அமெச்சூர் தடகளச் சங்கம்) சாம்பியன்ஷிப்பில், 20 வயதில், இங்கிலாந்தின் அதிவேக மனிதர் ஆனார் வார்ட்டன். அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். அடுத்த வருஷம் போட்டி ஸ்டூர்பிரிட்ஜில் நடந்தது, அங்கேயும் போய்ப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5

தரையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. சிண்டர் தடம், அதாவது நிலக்கரி எரித்த சாம்பல் கட்டியை நொறுக்கிப் பரப்பி உருளை ஓட்டி அமுக்கினது. வெயிலில் பொருபொருவென்று உதிரும், மழையில் சொதசொதக்கும். தோல் செருப்பில் ஆணி. கிளம்பும்போது காலை ஊன்றி உந்துகிற ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது. குனிந்து கையைத் தரையில் ஊன்றிக் கிளம்பும் முறையே அன்று போட்டிகளில் புழக்கத்தில் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஷெரில் அப்படிக் கிளம்பி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது 1888-இல். வார்ட்டன் நின்ற நிலையிலிருந்துதான் கிளம்பினார்.

எங்கள் பள்ளி மைதானம் செம்மண். காலேஜ் நாட்களில் ஒரு தடவை சிந்தெடிக் தடத்தில் ஓடக் கிடைத்தது. முதல் நாலு எட்டிலேயே வித்தியாசம் முட்டியில் தெரிந்தது. மண்ணில் உந்தும்போது கால் கொஞ்சம் பின்னால் வழுக்கும், உந்தினதில் ஒரு பங்கு மண்ணுக்குப் போய்விடும். சிந்தெடிக்கில் உந்தினது அத்தனையும் உடம்புக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து பழைய நேரங்களைப் படிக்கும்போது தரையைப் பற்றி எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 5, கொஞ்ச நேரம் கழித்து

“10 விநாடி ஓடிய முதல் ஆள் இவர் இல்லை, முன்பே சிலர் ஓடியிருக்கிறார்கள்” என்று எழுதிய அண்ணனுக்கு: சரிதான். 10 ஓடியதாகப் பெயர் பெற்ற அமெச்சூர்கள், அதாவது காசுக்கு ஓடாதவர்கள், 1860-களிலேயே உண்டு. வார்ட்டனின் சிறப்பு, தேசிய சாம்பியன்ஷிப்பில், அதிகாரபூர்வ நேரக் கணிப்பாளர்கள் முன்னால், எதிர்ப்பில்லாமல் பதிவான நேரம் என்பது. சர்வதேசத் தடகளச் சங்கம் 1912-இல்தான் உருவானது, அதனால் இன்றைய அர்த்தத்தில் உலக சாதனைப் பட்டியல் என்று ஒன்றும் அப்போது இல்லை. 10-க்குக் கீழே போன முதல் அமெச்சூர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர் அமெரிக்கர் ஜான் ஓவன், 1890-இல் 9.8. நடுவில் ஓடிப்போனது நாலு வருஷம்.

ஆகஸ்ட் 8

வாட்சைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். எனக்கு இரண்டு நாளாக மனசு வேறொரு இடத்தில் நிற்கிறது. நாட்டிலேயே வேகமான மனிதர் அதை வைத்து எப்படிச் சாப்பிட்டார்?

ஏ.ஏ.ஏ. சங்கம் 1880 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டு ராண்டால்ஃப் ஹோட்டலில் தொடங்கியது. அதற்கு முன் ஓட்டப்பந்தயத்தை நடத்திய கனவான்கள் கைத்தொழில் செய்பவர், கூலி வேலை செய்பவர் எவரும் அமெச்சூர் ஆக முடியாது என்று விதி வைத்திருந்தார்கள். புதிய சங்கம் அந்த விதியைத் தூக்கியது, அது பெரிய காரியம். ஆனால் காசுக்கு ஓடினால் வெளியே என்ற விதி அப்படியே இருந்தது. ஜெயித்தால் கோப்பை கிடைக்கும். கோப்பையை வைத்து வாடகை கட்ட முடியாது. நிலபுலன் உள்ளவருக்கு இது பிரச்சினையே இல்லை. கடல் தாண்டிப் படிக்க வந்து படிப்பையும் விட்டுவிட்ட போதகர் மகனுக்கு?

காசுக்கு ஓடுகிற உலகம் தனியாக இருந்தது. அவர்களுக்குப் பெடஸ்ட்ரியன் என்று பெயர். எடின்பரோ பௌடர்ஹாலில் 1870 முதல் புத்தாண்டு ஓட்டம், ஷெஃபீல்டில் ஹாண்டிகேப் ஓட்டங்கள். வேகமானவர் பின்னால் நிற்பார், மெதுவானவருக்குச் சில கெஜம் முன்னால் இடம் தருவார்கள். எல்லாருக்கும் ஜெயிக்க வாய்ப்பு இருந்தால்தானே பந்தயம் கட்டக் கூட்டம் வரும். அதிக கெஜம் வாங்குவதற்காக சின்னப் போட்டிகளில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது, பொய்ப் பெயரில் இறங்குவது எல்லாம் அங்கே சகஜம். வார்ட்டன் 1888-இல் அந்த உலகத்துக்குள் போய் ஷெஃபீல்டு செப்டம்பர் ஹாண்டிகேப்பை ஜெயித்தார். அதோடு அமெச்சூர் வாசல் அடைத்துக்கொண்டது.

இதை நான் வெறும் வரலாறாகப் படிக்க முடியவில்லை. ஓடுகிற காலத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் வீட்டில் என்னை ஓட விட்டார்கள். ஓர் அலுவலகத்தில் நேர்முகம் வரை போனேன். நான் மெடல் வாங்கிய போட்டி அவர்கள் பட்டியலில் இல்லை என்று ஃபைலை மூடிக் கையில் கொடுத்தார்கள். வாசலில் அப்பா நின்றிருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று படி இறங்கும்போது யோசித்தது இன்றும் நினைவிருக்கிறது. “காசுக்கு ஓடியது தப்பு” என்று வார்ட்டனைப் பற்றி இந்த இழையில் ஒருவர் எழுதியதைப் படித்ததும் அந்தப் படிதான் ஞாபகம் வந்தது. தப்பே இல்லை.

ஆகஸ்ட் 9

பெடஸ்ட்ரியன் உலகம் எப்படிப்பட்டது என்று கேட்டதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஹாரி ஹட்சன்ஸ், லண்டன் பட்னிக்காரர், அந்தக் காலத்துத் தொழில்முறை ஓட்டக்காரர்களில் முதல் பெயர். 1884 ஜனவரி 2-ஆம் தேதி பௌடர்ஹாலில் 300 கெஜத்தை 30 விநாடியில் ஓடினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வார்ட்டன் 100 கெஜத்துக்கு வைத்திருந்த சராசரி வேகத்தை ஹட்சன்ஸ் 300 கெஜத்துக்கு விடாமல் வைத்திருக்கிறார். அதுவும் ஜனவரி மாத ஸ்காட்லாந்துக் குளிரில்! நான் இதை முதலில் படித்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

1887 செப்டம்பரில் லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் ஹட்சன்ஸுக்கும் ஹாரி ஜென்ட்டுக்கும் ஒற்றைக்கு ஒற்றை ஓட்டம். ஆயிரக்கணக்கில் ஜனம், அத்தனை பேரும் காசு கட்டியிருக்கிறார்கள். யார் ஜெயிக்க வேண்டும் என்பதில் சூதாட்டக் கும்பல்களுக்குள் சண்டை மூண்டு, ஓட்டக்காரர்கள் களத்துக்கே வரவில்லை. பந்தயம் இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் மைதானத்தை உடைத்து நொறுக்கித் தீ வைத்துவிட்டது. அந்த மைதானம் அதன் பிறகு எழவே இல்லை. 1873-இல் இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் நடந்த இடம் அது.

வார்ட்டன் தொழில்முறைக்குப் போனது இது நடந்து ஒரு வருஷத்துக்குள். எந்த மாதிரியான இடத்துக்குள் கால் வைக்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 9, இரவு

அமெச்சூர் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1896-இல் சார்லஸ் பிராட்லி, ஆல்ஃப் டௌனர் உட்படப் பிரபல ஓட்டக்காரர்கள் சிலரை ஏ.ஏ.ஏ. நிரந்தரமாக விலக்கியது. போட்டியில் தலைகாட்டுவதற்கு ரகசியமாகக் காசு வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. பிராட்லி 1892 முதல் 1895 வரை தொடர்ந்து 100 கெஜ சாம்பியன். அவர் பெயரைப் போட்டுத்தானே டிக்கெட் விற்றார்கள்! வாங்கினவருக்குத் தண்டனை, கொடுத்து அழைத்தவர்களில் எத்தனை பேருக்குத் தண்டனை என்று கேட்டால் கோபம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 12

கால்பந்துக்கு வருவோம், நிறையப் பேர் அதற்காகத்தான் இந்த இழையைப் பின்தொடர்கிறீர்கள்.

டார்லிங்டனில் அவர் ஆட்டத்தைப் பார்த்து பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப் அழைத்தது. 1886-87-இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை அவர்களுக்குக் கோல்கீப்பர். பிறகு ஓட்டத்தில் கவனம் வைக்க விலகினார். அடுத்து நடந்ததுதான் மனசு ஆறாதது: 1888-89-இல் பிரெஸ்டன் முதல் கால்பந்து லீகை ஒரு ஆட்டமும் தோற்காமல் ஜெயித்து, கோப்பையையும் தூக்கியது. அவர் அப்போது அந்த அணியில் இல்லை. ஷெஃபீல்டு ஹாண்டிகேப்புக்காகப் போனவருக்குக் கால்பந்தின் மிகப் பெரிய வருஷம் கை நழுவியது.

1889-இல் ராதர்ஹாம் டவுன் சம்பளத்துக்கு எடுத்தது. 1890-இல் எம்மா லிஸ்டரைக் கல்யாணம் செய்தார். ராதர்ஹாமில் மதுக்கடையும் நடத்திப் பார்த்தார். 1894-இல் ஷெஃபீல்டு யுனைடெட். அங்கே முதல் கீப்பர் வில்லியம் ஃபௌல்க், மலை போன்ற ஆள். அவர் இருக்கும்போது இடம் எங்கே கிடைக்கும்? 1895 பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிராக ஒரு முதல் டிவிஷன் ஆட்டம் கிடைத்தது. இங்கிலாந்தின் உயர்மட்ட லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்ற பெயர் அந்த ஓர் ஆட்டத்தால் வந்தது. பிறகு ஸ்டேலிபிரிட்ஜ், ஆஷ்டன், கடைசியாக ஸ்டாக்போர்ட் கவுன்டி. 1902-இல் நிறுத்தினார்.

அவர் கீப்பிங் பற்றி எனக்குப் பிடித்த சாட்சியம், 1942-இல் ஷெஃபீல்டு பத்திரிகைக்கு ஒரு பழைய ரசிகர் எழுதிய கடிதம். வார்ட்டன் எகிறிக் குதித்து குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கி, பந்தைக் கால்களுக்கிடையில் கவ்வினாராம். பாய்ந்து வந்த மூன்று பேரும் நிற்க முடியாமல் வலைக்குள் போய் விழுந்தார்களாம். அன்றைக்குக் கீப்பரை இடித்துத் தள்ளலாம், பந்து கையில் இல்லாவிட்டாலும் தள்ளலாம். அதனால் அவர் மூலையில் பதுங்கி நின்று, கடைசி நொடியில் பாய்வாராம். நூறு கெஜம் ஓடிய கால் அங்கே நாலு கெஜத்துக்கு வேலை செய்திருக்கிறது. ஓட்டக்காரனாக இதைப் படிக்கும்போது அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 14

“எல்லாம் நிறவெறி, அதைச் சொல்லாமல் காசு, சங்கம் என்று சுற்றுகிறீர்களே” என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி.

1887-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை அவர் நிறத்தைச் சொல்லி, மண்டை அவ்வளவு தடிமனா, கோல் கம்பங்களுக்கு நடுவே விளையாட்டுக் காட்டுகிறாரே என்று எழுதியது. ஒரு கீப்பரின் உத்தியை அன்றைக்கு இப்படித்தான் விமர்சித்தார்கள். வித்தை காட்டும் கீப்பர்கள் வேறு பலரும் உண்டு, அவர்களுடைய நிறத்தை யாரும் எழுதவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அதே சமயம், பிராட்லியும் டௌனரும் வெள்ளையர்கள். ஹட்சன்ஸும் வெள்ளையர். அவர்களையும் அந்த அமைப்பு மென்று துப்பியது. இரண்டு நாள் யோசித்த பிறகு எனக்குப் படுவது: விளையாட்டை நம்பின ஏழை ஓட்டக்காரர் எவருக்கும் வயதான பிறகு ஆதரவு இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பின் ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலை, ஒரு கமிட்டியில் இடம் என்று சிலருக்காவது கதவு திறந்தது. வார்ட்டன் அளவுக்கு மூன்று நாலு விளையாட்டு தெரிந்த ஒருவருக்கு அப்படி ஒன்றும் அமையாமல் போனதில் அவர் நிறத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 14, தொடர்ச்சி

கடைசிக் காலம் கேட்டீர்கள். தெற்கு யார்க்‌ஷயரில் எட்லிங்டன் என்ற சுரங்க ஊர். யார்க்‌ஷயர் மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வண்டிகளை நகர்த்தும் கூலி வேலை. 1930 டிசம்பரில் இறந்தார், 65 வயது. மூன்றாம் வகுப்புக் குழி, பெயர்க் கல் இல்லை. 67 வருஷம் அப்படியே கிடந்தது. 1997-இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த நிறவெறி எதிர்ப்பு அமைப்பு ஒன்று நிதி திரட்டிக் கல் வைத்தது. 2003-இல் இங்கிலாந்து கால்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். 2014-இல் செயின்ட் ஜார்ஜஸ் பார்க் தேசியக் கால்பந்து மையத்தில் சிலை வைத்தார்கள், கீப்பர் கோலத்தில்.

சிலைக்கு சந்தோஷம்தான். ஆனால் எல்லா மரியாதையும் கால்பந்திலிருந்தே வருகிறது. கீப்பராக அவர் நல்ல ஆட்டக்காரர், அந்தக் காலத்தில் அவரைவிட நல்ல கீப்பர்கள் இருந்தார்கள். ஓட்டத்தில் இரண்டு வருஷம் அவரைவிட வேகமான அமெச்சூர் அந்த நாட்டில் இல்லை. தடகளக்காரர்களாகிய நாம் அல்லவா அவரை முதலில் தேடிப் போயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19

கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்டையும் இதே வரிசையில் வைக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: காலம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டு வெள்ளி. அதற்கு முன் வங்காளத்தில் 100 கெஜத்தில் வருஷா வருஷம் சாம்பியன். கால்பந்தும் ஆடியவர். பிற்பாடு நார்மன் டிரெவர் என்ற பெயரில் ஹாலிவுட் மௌனப் படங்களில் நடித்து, 1929-இல் கலிபோர்னியாவில் இறந்தார். அவரை இந்தியாவுக்குச் சேர்ப்பதா பிரிட்டனுக்குச் சேர்ப்பதா என்ற தகராறு இன்னும் ஓடுகிறது; ஒலிம்பிக் கமிட்டி இந்தியா என்கிறது.

ஆனால் வாழ்க்கை வேறு. பிரிட்சர்டுக்கு ஓட்டத்தைக் காசாக்க வேண்டிய நிலை வரவில்லை. அவர் ஓடிய தூரங்கள், அந்தப் பாரிஸ் புல்தரை, தடைகளின் உயரம் என்று பேச நிறைய இருக்கிறது. இங்கே கலந்தால் இரண்டு பேர் கதையும் குழம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தனி இழை தொடங்குகிறேன், கல்கத்தா பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் வந்து எழுதுங்கள்.